பச்சைக் கோட்டுக்கு மேலே ஐம்பது

சிஞ்ச்வட், புனே
14.8.97, வியாழன்

மாட்சிமை தங்கிய கீர்த்தி அக்கா அவர்களின் சமூகத்திற்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டு ஒட்டடைக் கம்பு இன்று காலை ஒன்பது மணி முதல் பதவி உயர்வு பெற்றுள்ளது. பதினோரு வருடங்களாகச் சிலந்திகளுக்கு எதிராக அது ஆற்றிய தன்னலமற்ற சேவையைப் பாராட்டி, தலையை வெட்டி, இரண்டு முனையிலும் என் கிழிந்த சாக்ஸை மாட்டி, 'உடற்பயிற்சிக் கருவி' என்ற பட்டத்தை அம்மா கையால் வழங்கினோம். விழாவுக்குச் சிலந்திகள் குடும்பத்தோடு வந்திருந்தன. கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணத்தான் அப்பாவால் முடியவில்லை.

"தமிழ்ல எழுது, இல்லாட்டி உன் தமிழ் மராட்டி பஸ்ல ஏறிப் போயிடும்" என்று மிரட்டிவிட்டுப் போனாய். எழுதிவிட்டேன். தப்பு இருந்தால், காலண்டர் தாளைக் கிழித்துக் கிழித்து நமக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த அம்மாவைக் கேள்.

வருங்காலச் சரித்திர ஆசிரியர்களுக்காக வழக்கின் சுருக்கம்: நோயாளி பெயர் கலியன். வயது நாற்பத்தேழு. வேலை ஆகுர்டியில், வண்டி உதிரிபாகக் கம்பெனியின் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில். மே மாதம் ஸ்டேஷன் பாலத்தில் லூனா மொபெட்டோடு விழுந்தார். லூனாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவின் தோள் எலும்பு முறிந்து, கூடியும் விட்டது. ஆனால் கட்டுக்குள் கிடந்ததில் தோள் இறுகி, வலது கை தோளுக்கு மேலே வரமாட்டேன் என்கிறது. பிரஸ்ஸில் தலைக்கு மேல் தொங்கும் செயினைப் பிடித்து இழுக்க வேண்டும். அதனால் கம்பெனி டாக்டர் 'லைட் டூட்டி' என்று ஸ்டோர்ஸில் உட்கார வைத்திருக்கிறார். ஜனவரியில் மறுபடி பார்ப்பார். கை ஏறினால் பிரஸ். ஏறாவிட்டால் ரிடையர் ஆகும்வரை நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டு அங்கேயேதான்.

நீ சொன்ன கிளினிக் சாயந்திரம் ஐந்து முதல் ஏழு வரைதான். அப்பாவுக்கோ வாரம் ஆறு நாள் வேலை, ஒரு வாரம் காலை ஷிப்ட், மறு வாரம் மதிய ஷிப்ட், நடுவில் ஓவர்டைம். ஸ்டேஷன் பக்கம் புதிதாகத் திறந்த ஜிம்முக்குப் போகலாம் என்றேன். "அங்க எல்லாவனும் கண்ணாடியப் பாத்து சிரிச்சிக்கிட்டு நிக்கிறான். எனக்கு என்னடா வேல?" என்றார். ஆக, அப்பா எப்போதும் பிசி. அதனால்தான் வீட்டிலேயே பிசியோ.

பிசியோதெரபி படிக்கிற நீ எழுதிக் கொடுத்த தாளின்படி எல்லாம் தயார். கம்பு, மணல் நிரப்பிய எண்ணெய் பாட்டில் இரண்டு, கதவுக்கு மேல் போட ஒரு துண்டு. அம்மாவின் தையல் நாடாவைச் சுவரில் செங்குத்தாக ஒட்டியிருக்கிறேன். பச்சை பெயின்ட் முடிந்து வெள்ளை ஆரம்பிக்கிற கோட்டில் பூஜ்யம். அப்பா சுவரைப் பார்த்து நின்று விரல்களாலேயே பல்லி மாதிரி மேலே ஏற வேண்டும். எங்கே நிற்கிறதோ அது அந்த வாரத்து அளவு. வியாழன்தோறும் கம்பெனிக்கு லீவு என்பதால் வியாழன்தோறும் அளப்போம். இன்று: 14 சென்டிமீட்டர். உன் இலக்கு: 50.

அப்பாவுக்குத் துணையாக நானும் தினம் ஐம்பது தண்டால் எடுக்கிறேன். சட்டைக் கை இறுக்கமாகிவிட்டது. புதுச் சட்டை அனுப்பவும்.

இப்படிக்கு,
தண்டால் வீரன் ஜெகதீசன்


கோயம்புத்தூர்
25.8.97

அன்புள்ள ஜெகா,

உன் கடிதத்தை ஹாஸ்டலில் சத்தமாகப் படித்தேன். என் ரூம்மேட் ஜோசபின் ஒட்டடைக் கம்புக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னாள். உன் சட்டைக் கை இறுக்கமானதற்குக் காரணம் வடா பாவ் என்றும் சொல்லச் சொன்னாள்.

இனி விளையாட்டில்லை. கம்பும் பாட்டிலும் சுலபம், அப்பா செய்துவிடுவார். கதவுத் துண்டுதான் கஷ்டம். கதவுக்கு மேல் போட்ட துண்டை இடது கையால் இழுத்து வலது கையைத் தூக்கும்போது உயிர் போகும். "போதும்டா" என்பார். போதாது. அந்தப் பத்து நிமிடம்தான் தோளைத் திறக்கிறது. சுவர் ஏறுவது வெறும் அளவு பார்க்க. காலை ஷிப்ட் வாரத்தில் சாயந்திரம் நாலரைக்கு, டீ குடித்தவுடன். மதிய ஷிப்ட் வாரத்தில் காலையில், குளித்த பிறகு, உடம்பு சூடாக இருக்கும்போது. ஒரு நாளும் விடக்கூடாது. அப்பாவுக்கு வேறு வேலை தெரியாது ஜெகா. இருபத்திரண்டு வருடம் அந்த பிரஸ் சத்தத்திலேயே நின்றவர். ஸ்டோர்ஸ் அமைதியில் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

இன்னொன்று. அந்த நாடாவில் உன் கைவரிசையைக் காட்டாதே. நான் பத்தாவது படிக்கும்போது கதவு நிலையில் இருந்த என் உயரக் கோட்டை அழித்து மேலே மேலே போட்டு, நான் குள்ளமாகிக்கொண்டே போகிறேன் என்று ஒரு மாதம் அழ வைத்த ஆள் நீ. இன்னும் மறக்கவில்லை.

கீர்த்தி


சிஞ்ச்வட்
9.10.97, வியாழன்

அக்கா,

இன்றைக்கு அறிவிப்பு எதுவும் இல்லை.

செப்டம்பரில் அப்பா விறுவிறுவென்று ஏறினார். எழுதியிருந்தேனே. 25ஆம் தேதி 37. அதற்கடுத்த வியாழன் 37. இன்றும் 37. மூன்று வாரமாக அந்த எண்ணில் விரல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

துண்டை நீ சொன்னபடிதான் இழுக்கிறார். பல்லைக் கடிக்கிற சத்தம் சமையலறை வரை கேட்கிறது. அம்மா குக்கரை ஏற்றிவிட்டு அங்கேயே நிற்கிறாள், விசில் அடித்தால் கேட்காமல் இருக்கும் என்று.

இன்று காலை அளந்த பிறகு அப்பா கொஞ்ச நேரம் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "லைட் டூட்டி லைட் டூட்டினானுங்க. எனக்கு லைட்டே அணஞ்சிடுச்சு பவுனு" என்று அம்மாவிடம் சொன்னார். நான் சிரித்தேன். யாரும் கூடச் சிரிக்கவில்லை. பிறகு கம்பை எடுத்து அம்மாவிடம் நீட்டி, "இந்தா, ஒட்டடையே அடி. இது அதுக்காவது ஒதவட்டும்" என்றார். சாப்பிடாமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். லீவு நாள் முழுக்க.

அவர் இப்படிப் படுத்து நான் பார்த்ததே இல்லை. நீ ஏதாவது செய். இல்லாவிட்டால் என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. சொல்லமாட்டேன்.

ஜெகா


கோயம்புத்தூர்
21.10.97

ஜெகா,

இப்படி நிற்பது சகஜம். ஒரு மாதம்கூட நிற்கும். பிறகு ஒருநாள் தானே நகரும். இதை அப்பாவிடம் சொல், நான் சொன்னதாகச் சொல். எண்ணைப் பார்க்க வேண்டாம், துண்டை மட்டும் விடவேண்டாம் என்று சொல்.

தீபாவளிக்கு வரலாம் என்றிருந்தேன். அடுத்த வாரமே பரீட்சை. வந்திருந்தால் அவர் தோளை ஒரு தடவை தொட்டுப் பார்த்திருப்பேன்.

என்ன யோசனை அது? உன் யோசனைகளை நான் நம்புவதில்லை.

கீர்த்தி


சிஞ்ச்வட்
13.11.97, வியாழன்

அகில உலகப் பிசியோ திலகம் கீர்த்தி அக்காவுக்கு,

போர்முனைச் செய்தி: எதிரி பின்வாங்குகிறான்! 38, 39, தீபாவளியன்று 40, இன்றைக்கு 42! நீ சொன்னபடி தானே நகர்ந்துவிட்டது. உன் நாக்கு கருநாக்கு. அதாவது, நல்ல விதத்தில்.

அப்பாவை இப்போது நீ பார்க்க வேண்டும். தீபாவளிக்கு அம்மா சுட்ட சக்லி முறுக்கில் பாதியை அவரே முடித்தார். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருக்கும் ரவிசந்திரன் மாமாவிடம் தினம் எண் சொல்கிறாராம். மாமா போன ஞாயிறு வீட்டுக்கு வந்து, "கலியா, உன் பிரஸ்ஸ தொடச்சி வெச்சிருக்கேன். சீக்கிரம் வா, என்னால ரெண்டு மிஷின் பாக்க முடியல" என்றார். அப்பா உள்ளே போய்ப் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஏன் என்று தெரியவில்லை.

வீட்டில் சின்ன மாற்றம்: விழுப்புரம் மாமா அனுப்பிய தினசரி காலண்டரை நாடாவுக்குக் கீழே, பச்சைக் கோட்டின் மேலேயே மாட்டியிருக்கிறேன். அளவை அன்றன்றைய தாளிலேயே குறித்துக்கொள்ள வசதி. என் மூளையே மூளை.

தண்டால் அதே ஐம்பது. சில நாள் ஐம்பத்தைந்து. கீழ்வீட்டு ஷிண்டே காகா என் புஜத்தைப் பார்த்து "க்யா பாத் ஹை" என்று சபாஷ் போட்டார்.

ஜெயவீரன் ஜெகதீசன்


கோயம்புத்தூர்
5.12.97

ஜெகா,

வகுப்பில் ஆளுக்கொரு நோயாளியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் அப்பாவைப் பற்றிப் பேசினேன். பெயர் சொல்லவில்லை. ஷிப்ட் வேலை, கிளினிக்குப் போக நேரமில்லை, ஒட்டடைக் கம்பு, மணல் பாட்டில் என்று எல்லாம் சொல்லி, உன் கடிதங்களில் இருந்த எண்களைக் கரும்பலகையில் போட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

வகுப்பு முடிந்ததும் சந்தானம் சார் மட்டும் என்னைக் கூப்பிட்டார். "ஆரம்பத்துல ஒரு வாரம் நாலு ஏறியிருக்கு, ஒரு வாரம் ஒண்ணு, ஒரு வாரம் ஒண்ணுமில்ல. அது உடம்பு. அக்டோபருக்கு அப்புறம் வாராவாரம் சரியா ஒண்ணு ஏறுது பாரு. அது உடம்பு மாதிரி இல்லையேம்மா. யாரு அளக்கிறது?" என்றார்.

என் தம்பி என்றேன். சொன்ன பிறகு எனக்கு என் உயரக் கோடு ஞாபகம் வந்தது.

கேட்கிறேன், நேராகப் பதில் சொல். அந்தக் காலண்டரை ஏன் பச்சைக் கோட்டின் மேல் மாட்டினாய்?

கீர்த்தி


சிஞ்ச்வட்
18.12.97, வியாழன்

அக்கா,

மனம் புண்பட்டுவிட்டது. தினமும் ஐம்பது தண்டாலுக்கு நடுவிலும் கடமை தவறாமல் அளந்து எழுதுகிறவனுக்கு இதுதான் பரிசா? உன் சந்தானம் சாருக்குச் சந்தேகம் சார் என்று பெயர் வைத்திருக்கலாம். சிஞ்ச்வட் உடம்பு கணக்கில் நன்றாகப் படித்த உடம்பு, ஒவ்வொன்றாகத்தான் ஏறும் என்று அவரிடம் சொல்.

நான் அளப்பதே இல்லை. அப்பாதான் தன் கண்ணால் பார்த்துப் படிக்கிறார். வேண்டுமானால் அவரையே கேட்டு எழுது. ஆனால் இப்போது கேட்காதே. சந்தோஷமாக இருக்கிறார். கெடுக்காதே.

இன்று 47.

ஜெகதீசன்


சிஞ்ச்வட்
22.1.98, வியாழன்

அக்கா,

செவ்வாய்க்கிழமை அப்பாவைப் பார்த்தார்கள். பிரஸ் ஷாப்பிலேயே. டாக்டர், சூப்பர்வைசர், அப்பாவோடு வேலை செய்தவர்கள் ஏழெட்டுப் பேர். இதெல்லாம் ரவிசந்திரன் மாமா அம்மாவிடம் சொன்னது. நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

போன 8ஆம் தேதி அப்பா 50 தொட்டார். அதை பஸ் முழுக்கச் சொல்லியிருந்தார். அதனால்தான் அத்தனை பேர் பார்க்க வந்தார்களாம். அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டு, "அம்பது சார்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கையைத் தூக்கியிருக்கிறார். காது பக்கத்தில் போய்க் கை நின்றுவிட்டது. செயின் இன்னும் ஒரு சாண் மேலே. இடது கையால் வலது முழங்கையைத் தள்ளிப் பார்த்தாராம். மாமா செயினைக் கொஞ்சம் கீழே இழுத்துக் கொடுத்திருக்கிறார், யாருக்கும் தெரியாமல். அப்பா அவர் கையைத் தட்டிவிட்டாராம்.

இனிமேல் ஸ்டோர்ஸ்தான். தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகச் சுவரிடம் போனார். விரலால் ஏறினார். 50. கையைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார். "இங்க அம்பது வருது. அங்க ஏன்டா எட்டல?" என்று என்னைக் கேட்டார். என்னை நம்பிக் கேட்டார் அக்கா.

"அங்க செயின் ரொம்ப உசரமா இருக்கும்பா" என்றேன்.

நீ நினைத்தது சரி. அக்டோபரிலிருந்து புதன்கிழமைதோறும், அவர் வேலையில் இருக்கும்போது, நாடாவைப் பிய்த்து ஒரு சென்டிமீட்டர் இறக்கி ஒட்டினேன். பூஜ்யம் பச்சைக்குள் இறங்குவது தெரியாமலிருக்கத்தான் காலண்டர். மொத்தம் பதின்மூன்று. அவர் விரல் 37லேயே நின்றது. நான்தான் எண்களைக் கீழே கொண்டுவந்து கொடுத்தேன்.

ஒரு வாரம் மட்டும்தான் செய்ய நினைத்தேன். 38 என்று படித்ததும் அவர் எழுந்து போய்ச் சாப்பிட்டார். அதற்கப்புறம் எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. நவம்பர் கடைசியில் அப்பா துண்டை விட்டுவிட்டார். "அதில்லாமயே ஏறுதேடா, எதுக்கு வலிய வாங்கணும்?" என்றார். ஆமாம்பா என்றேன். உனக்கு எழுதவில்லை.

ஜெகா


கோயம்புத்தூர்
3.2.98

ஜெகா,

நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். அவற்றில் இருந்ததெல்லாம் உனக்கே தெரியும்.

37இல் நின்றபோது அப்பாவுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. துண்டோடு மூன்று மாதம். ஏறியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. இனி யாராலும் சொல்லவே முடியாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன்னை மட்டும் திட்டிவிட்டுத் தூங்கவும் முடியவில்லை. டிசம்பரிலேயே எனக்குத் தெரியும். கீழ்வீட்டுக்கு ஒரு போன் போட்டு அப்பாவைக் கூப்பிட்டு, "காலண்டரைத் தூக்கிப் பாருங்கப்பா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வகுப்பில் கைதட்டு வாங்கிய எண்கள் பொய்யாகிவிடுமே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

பிரஸ் வேலை போனது போனதுதான். தோள் அப்படியில்லை, ஒரு வருடம் கழித்துக்கூடத் திறக்கும். ஆனால் தன் தோள் எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரிந்தால்தான். நாடாவைப் பச்சைக் கோட்டில் ஒட்டு. அப்பாவிடம் நீயே சொல். அதுவரை எனக்கு எழுதாதே.

கீர்த்தி


சிஞ்ச்வட்
26.2.98, வியாழன்

அக்கா,

எழுதலாம் என்ற தகுதியோடு எழுதுகிறேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். போன வாரம் அவர் எதிரில் நிமிர்ந்து நின்று, கண்ணைப் பார்த்து, அக்டோபரிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை. "தப்பு பண்ணாலும் ஆம்பளையா ஒத்துக்கிட்டடா" என்று தோளில் தட்டினார்.

மேலே எழுதியது பொய். கோடு போட்டு அடிக்கலாம் என்று பார்த்தேன். கிடக்கட்டும், இதையும் நீ பார்த்துக்கொள்.

நடந்தது இது. இரண்டு வாரம் தினமும் சொல்லப் போனேன். "அப்பா" என்பேன், "என்னடா" என்பார், "டீ போடவா?" என்பேன். இந்த மாதம் அவர் குடித்த டீக்கு அளவில்லை. சரி, முதலில் நாடாவையாவது சத்தமில்லாமல் சரி செய்துவிடலாம் என்று போன வாரம் புதன்கிழமை காலண்டரைக் கழற்றி, நாடாவைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஸ்டோர்ஸை மத்தியானமே மூடிவிட்டார்களாம். அப்பா வாசலில் நிற்கிறார்.

சுவரைப் பார்த்தார். பச்சையில் வரிவரியாகப் பதின்மூன்று பசைத் தடம். விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு மேலே வந்தார். கோட்டுக்கு வந்ததும் நின்றார். நான் எதுவும் சொல்லவில்லை அக்கா. அவரும் கேட்கவில்லை.

பசை பாட்டிலை எடுத்தார். நாடாவின் பூஜ்யத்தைப் பச்சைக் கோட்டில் வைத்து இடது கையால் அழுத்திக்கொண்டு, "மேல புடி" என்றார். பிடித்தேன். "நேரா புடி." ஒட்டியதும் விரலால் ஏறினார். 35. அக்டோபரில் இருந்ததைவிட இரண்டு குறைவு. காலண்டர் தாளில் அவரே எழுதினார். பேனாவை மூடி வைத்துவிட்டு, "துண்ட எடுத்துட்டு வா" என்றார்.

பத்து நிமிடம் இழுத்தார். அம்மா குக்கர் வைக்கவில்லை. நானும் எங்கேயும் போகவில்லை, அங்கேயே நின்றேன்.

துண்டை மடித்து என் தோளில் போட்டுவிட்டு, "தெனம் அம்பது தண்டால்னு அக்காவுக்கு எழுதுறியாமே, ரவிசந்திரன்கிட்டயும் சொல்லி வெச்சிருக்க. எடு பாக்கலாம்" என்றார்.

எடுத்தேன். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எண்ணினார். ஏழாவதில் தரையில் விழுந்தேன். எட்டுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"இங்கயும் நாடாவ எறக்கிதான் ஒட்டியிருக்க" என்றார். சிரிக்கவில்லை.

இன்றைய அளவு: அப்பா 35. போன வாரமும் 35தான். நான் 7. ஐம்பது என்றைக்குமே இருந்ததில்லை, ஷிண்டே காகா "க்யா பாத் ஹை" என்றது நான் தூக்கிக்கொண்டு போன காஸ் சிலிண்டரைப் பார்த்து, அதுவும் காலி சிலிண்டர்.

இரண்டு எண்ணையும் அப்பா படித்துச் சொல்ல, நான் எழுதினேன்.

ஜெகா